சிங்கப்பூர் போன ஆத்தாவுக்கு இன்சுலின் தீரப்போகிறது, எட்டு நாளுக்குத்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பள்ளத்தூர்க்காரன் கேட்டது:

ஊர் பள்ளத்தூர், கடை காரைக்குடியில். தங்கையின் பிரசவத்துக்காக ஆத்தா (என் அம்மா) சிங்கப்பூர் போய் இன்றோடு 53 நாள். 60 நாளில் திரும்புவதாக ஏற்பாடு. குழந்தை சொன்ன தேதிக்கு முன்பே பிறந்து, மருத்துவமனையிலேயே இரண்டு வாரம் இருந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. பிள்ளையை இந்த நிலையில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஆத்தா சொல்லிவிட்டார். டிக்கெட்டை 24 நாள் தள்ளிப் போட்டாயிற்று. தங்கும் அனுமதியையும் மாப்பிள்ளை நீட்டித்து வாங்கிவிட்டார். மருந்தைப் பற்றித்தான் யாருக்கும் நினைவு வரவில்லை.

ஆத்தாவுக்கு வயது 64, பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. 30/70 கலவை இன்சுலின், பாட்டிலில் வருவது. காலையில் 16 யூனிட், இரவில் 10. சிவப்பு மூடி ஊசியில் தானே போட்டுக்கொள்வார். நான்கு பாட்டில் கொண்டுபோனார், இப்போது அரைப் பாட்டிலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. பிரஷர் மாத்திரையும், இதயத்துக்கென்று கொடுத்த இன்னொரு மாத்திரையும் அதே கணக்கில் தீரும்.

இன்னொரு தொல்லை. கொண்டுபோன சர்க்கரை மிஷினுக்கு ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டதால், முந்தாநாள் பக்கத்து வீட்டு மிஷினை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். 11.4 என்று காட்டியது. போனில் கேட்டுக்கொண்டிருந்த அப்பச்சி (என் அப்பா), “பதினொன்றா! மயக்கம் போட்டு விழுந்துவிடுவாள், சீனித்தண்ணீர் கொடு” என்று கத்த, ஆத்தாவும் ஒரு டம்ளர் குடித்துவிட்டார். அரைமணி கழித்துப் பார்த்தால் 14.2. ஏறுகிறது, நல்லதுதான் என்று படுத்துவிட்டார்கள். அந்த மிஷின் கோளாறு என்று நினைக்கிறேன்.

இங்கிருந்து கூரியரில் மருந்து அனுப்பலாமா? காரைக்குடி டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினால் அங்குள்ள மருந்துக்கடையில் கொடுப்பார்களா? பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம், அதில் ஏதாவது கிடைக்குமா?

ராஸ்தா மச்சான்:

கூரியர் எதற்கு? திருச்சியிலிருந்து தினமும் விமானம் போகிறது. அடுத்த வாரம் என் மைத்துனர் போகிறார், நான்கு பாட்டிலைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். என் மாமியாருக்கு அப்படித்தான் அனுப்பினோம், ஒருவரும் கேட்கவில்லை.

புதுவயல் மருந்துக்கடை (ஓய்வு):

தம்பி, கூரியரும் மைத்துனரும் அப்புறம். முதலில் அந்தச் சீனித்தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள். மிஷினில் கோளாறு எதுவும் இல்லை.

நம் ஊரில் சர்க்கரையை மில்லிகிராமில் அளக்கிறோம். சிங்கப்பூரில் மில்லிமோல். அங்கே விற்கும் மிஷினும் அந்தக் கணக்கில்தான் காட்டும். அவர்கள் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம் எண் வரும். 11.4 என்றால் ஏறத்தாழ 205. சீனித்தண்ணீர் குடித்த பிறகு வந்த 14.2 என்பது 256. சர்க்கரை ஏறியிருந்தவருக்கு மேலும் சீனி கொடுத்திருக்கிறீர்கள். அப்பச்சியைக் குறை சொல்லவில்லை, நம் ஊரில் மிஷின் 11 காட்டினால் யாராக இருந்தாலும் அலறத்தான் செய்வார்கள். அங்கே அளக்கும்போது 4-க்குக் கீழே போனாலோ, வியர்த்துக் கை நடுங்கினாலோதான் சீனி. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தச் “சிவப்பு மூடி ஊசி”. இங்கே பாட்டிலில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி ஊசியில் கோடு போட்டிருப்பது அதற்காகத்தான். சிங்கப்பூரில் கிடைப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. ஆத்தா அங்கே ஒரு புதுப் பாட்டில் வாங்கி, பழைய ஊசியில் பழக்கதோஷத்தில் 16-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.4 மில்லி, அதாவது 40 யூனிட். இரண்டரை மடங்கு! உயிருக்கே ஆபத்து. மருந்தின் பெயர் ஒன்று, கலவை ஒன்று, ஏன் பாட்டில்கூடப் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது? 40 என்றா, 100 என்றா? பார்த்துச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:

தங்கை படம் எடுத்து அனுப்பினாள். 40 என்றுதான் இருக்கிறது. அண்ணே, நேற்று மாலை மாப்பிள்ளை கடையில் விசாரித்து வருகிறேன் என்று கிளம்பினாராம். மழை பிடித்துக்கொண்டதால் போகவில்லை.

கோட்டையூர் ஆச்சி (சிங்கப்பூரில் நர்ஸ்):

மழைக்கு ஒரு கும்பிடு. மருந்துக்கடை அண்ணன் சொன்னதைத் தங்கையிடம் மட்டுமல்ல, ஆத்தாவிடமே நேரில் பேசிப் புரியவைக்க வேண்டும். ஊசியைக் கையில் பிடிப்பவர் அவர்தான்.

இங்கே நடைமுறை என்ன என்று சொல்கிறேன். இந்திய டாக்டரின் சீட்டுக்கு இங்குள்ள மருந்துக்கடை மருந்து தராது. இங்கே பதிவு பெற்ற டாக்டர் எழுத வேண்டும். அதற்காகப் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. குடியிருப்புக் கட்டடங்களுக்குக் கீழேயே தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனால் பார்ப்பார்கள். டாக்டரே மருந்தும் கொடுப்பது இங்கே வழக்கம். ஆனால் எல்லாக் கிளினிக்கிலும் இன்சுலின் இருப்பு இருக்காது. போனில் கேட்டுவிட்டுப் போகவும். அரசு பாலிகிளினிக்கிலும் வெளிநாட்டினரைப் பார்ப்பார்கள், ஆனால் மானியம் கிடையாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரிய சலுகை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பில்லில் 9 சதவீத வரியும் சேரும். 8 நாளுக்கு இருப்பு இருக்கிறது என்று எட்டாம் நாள் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

போகும்போது பழைய சீட்டு, பாட்டில், மாத்திரை அட்டை, ஊசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகட்டும். மாத்திரைக்கு நம் ஊர் வணிகப் பெயரைச் சொன்னால் இங்கே தெரியாமல் போகலாம். அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரும் மில்லிகிராமும்தான் முக்கியம். நம் ஊரில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்து விற்பார்கள். ஆத்தாவின் இதய மாத்திரையில் ஆஸ்பிரினும் கொழுப்பு மருந்தும் சேர்ந்திருந்தால், இங்கே அது இரண்டு மாத்திரையாகப் பிரிந்து வரக்கூடும். மாத்திரை கூடிவிட்டதே என்று பயந்து ஒன்றை நிறுத்திவிடுவார்கள், அதையும் சொல்லிவையுங்கள்.

ராஸ்தா மச்சான் அவர்களுக்கு: இங்கே விதி பேசுவது சொந்த உபயோகத்துக்கான மருந்தை, மூன்று மாதத்துக்கு மிகாமல் கொண்டுவருவதைப் பற்றி. அடுத்தவர் பெயரில் இருக்கும் நான்கு பாட்டிலோடு உங்கள் மைத்துனர் சுங்கத்தில் நின்றால், பதில் சொல்ல வேண்டியவர் அவர். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சொந்த உபயோகம் என்றாலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், மூன்று மாத மருந்தைத் தாராளமாகக் கொண்டுவர வழியிருந்தும் இரண்டு மாதத்துக்கு எண்ணி எடுத்து வந்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு வருகிற ஆத்தாக்களின் பெட்டியில் லேகியம் இரண்டு கிலோ இருக்கும், சொந்த மாத்திரை மட்டும் கணக்காக இருக்கும்.

ஆயாவின் பேத்தி:

ஆச்சி சொன்ன பெட்டிக் கதை எங்கள் வீட்டிலும் நடந்தது. ஆயா குருமாவுக்கென்று அரைக் கிலோ கசகசா கட்டிவைத்திருந்தார். கிளம்புகிற அன்று காலையில் யாரோ சொல்லித்தான் எடுத்தோம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட சமாச்சாரமாமே.

கோட்டையூர் ஆச்சி:

ஆமாம், ஆய்வும் அனுமதியும் இல்லாமல் கசகசா கொண்டுவரக் கூடாது. புகையிலை போட்டு மெல்லும் பழக்கம் இருந்தால் அந்தப் புகையிலையும் கூடாது. குருமாவுக்கு முந்திரியை அரைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் வாசி:

இங்கேயும் சர்க்கரை மில்லிமோலில்தான், அமெரிக்காவில் நம் ஊர் மாதிரி மில்லிகிராம். பெற்றோரை இங்கே அழைத்து வருகிறவர்களுக்கு ஒன்று: குடும்ப டாக்டரிடம் தற்காலிகமாகப் பதிந்துகொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் சேர்ந்தால்தான் கணக்கு வேறு. வருகையாளரிடம் அரசுச் செலவில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள்.

தேவகோட்டை ஐயா:

காப்பீட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் அந்தத் தொழிலில் இருந்தவன். ரொம்ப நாளாக இருக்கும் நோய்க்கு வழக்கமாக வாங்கும் மருந்துக்கு இந்தப் பாலிசியில் பணம் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால் உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும், அதுவும் பாலிசியில் எழுதியிருந்தால், ஒரு வரம்பு வரை கொடுப்பார்கள். தங்கையின் கம்பெனி காப்பீட்டில் ஆத்தா பெயர் தானாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம்.

நீங்கள் இன்று செய்ய வேண்டியது வேறு. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டீர்கள், பாலிசியைத் தள்ளிப் போட்டீர்களா? 60 நாளுக்கு எடுத்தது அறுபதாம் நாள் நள்ளிரவில் தீர்ந்துபோகும். தீருவதற்கு முன்பே நீட்டிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தீர்ந்தபின் கேட்டால், இந்தியாவிலிருந்து கிளம்பும்முன் எடுக்க வேண்டியது என்று கையை விரிப்பார்கள். உங்களுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. சர்க்கரை இருப்பதை முதல் விண்ணப்பத்தில் சொன்னீர்களா, மறைத்தீர்களா என்றும் பாருங்கள்.

இரவில் ஏதாவது ஆகிவிட்டால் அங்கே ஆம்புலன்ஸ் எண் 995. அவசரமில்லாததற்கு அதைக் கூப்பிட்டால் கட்டணம் கேட்பார்கள், அப்படிப்பட்டதற்கு 1777. வெளிநாட்டுக்காரரைப் படுக்கையில் சேர்க்கும்போது முன்பணம் கேட்பார்கள். அப்போது காப்பீட்டுக்காரர்களின் உதவி எண்ணுக்கு உடனே பேச வேண்டும். அந்த எண் உங்கள் கைபேசியில் இருந்து என்ன பயன், தங்கையின் கைபேசியில் இருக்க வேண்டும்.

என் ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனபோது கிட்டங்கியில் (நம்மவர்கள் சேர்ந்து தங்கித் தொழில் செய்த கட்டடம்) காய்ச்சல் வந்தால் மிளகுக் கஷாயமும் முருகனும்தானாம். இப்போது எல்லாம் இருக்கிறது, விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளத்தூர்க்காரன் (நான்கு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. முதல் கிளினிக்கில் இன்சுலின் இல்லை. இரண்டாவதில் முன்னதாகப் போன் செய்துவிட்டுப் போனார்கள். டாக்டர் சீன அம்மையார், உதவிக்கு இருந்த பெண் தமிழ். பையில் கொண்டுபோனதை எல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, சிவப்பு மூடி ஊசியைக் கையில் எடுத்து, இது இங்கே வேண்டாம் என்று முதலில் அதைத்தான் சொன்னாராம். பாட்டிலே வேண்டாம் என்று அதே 30/70 கலவையைப் பேனாவாக (மருந்து உள்ளேயே இருக்கும் பேனா வடிவ ஊசி) எழுதிக் கொடுத்திருக்கிறார், ஐந்து பேனா உள்ள ஒரு பெட்டி. இதய மாத்திரை ஆச்சி சொன்னபடியே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பில் தொகையை அப்பச்சிக்குச் சொல்லவில்லை.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 9.1 என்று வந்திருக்கிறது. அப்பச்சி உடனே காகிதத்தை எடுத்துப் பதினெட்டால் பெருக்கி, “நூற்று அறுபத்து நாலு, பரவாயில்லையே” என்கிறார். சரியா?

பாலிசியை 30 நாள் நீட்டித்துவிட்டார்கள். தனியாகப் பணம் கட்டினோம்.

ஒரு சந்தேகம் பாக்கி. ஆத்தா பழைய ஊசிகளை எறிய மனமில்லாமல் பெட்டியில் வைத்திருக்கிறார். திரும்பும்போது இரண்டு பேனா மிச்சமிருக்கும் போலிருக்கிறது. ஊருக்கு வந்து அவற்றைப் பயன்படுத்தலாமா?

புதுவயல் மருந்துக்கடை (ஓய்வு):

அப்பச்சியிடம் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி என்பது சதவீதம், அங்கேயும் இங்கேயும் 9.1 என்றால் 9.1-தான். பரவாயில்லை என்று விடுகிற எண்ணும் அல்ல. ஊருக்கு வந்ததும் டாக்டரிடம் காட்டுங்கள், அளவை அவர் மாற்றட்டும். அளவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

மிச்சப் பேனாவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், நம் ஊர்ப் பேனாவும் 100-தான். திறக்காத பேனாவை விமானத்தில் கைப்பையில் கொண்டுவர வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து வீணாகிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியில் வைக்கலாம், உறைபெட்டியில் அல்ல.

பேனாவுக்கான முள் தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள் தெரியுமா? பெட்டியில் கிடக்கும் சிவப்பு மூடி ஊசியைப் பேனாவுக்குள் குத்தி உறிஞ்சுவார்கள். என் கடைக்கு வந்து ஒருவர் இதைப் பெருமையாகவே சொன்னார். அந்த ஊசிகளை ஆத்தா கிளம்பும்முன் தங்கை எண்ணி வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

பள்ளத்தூர்க்காரன்:

சொல்லிவிட்டேன் அண்ணே. பதினொரு ஊசி இருந்ததாம். பத்தைக் கொடுத்திருக்கிறார். ஒன்று எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.