யூதர்களுக்குக் கடவுள் நம்பிக்கை கட்டாயமா?

தாம்பரம் கார்த்தி:

எங்கள் கம்பெனிக்கு இஸ்ரேலில் ஹைஃபாவிலும் ஒரு டீம் இருக்கிறது. அதில் ஒருவரோடு தினமும் பேசுவேன். "கடவுளாவது ஒண்ணாவது" என்று வெளிப்படையாகச் சொல்கிற ஆள். ஆனால் யோம் கிப்பூர் என்ற விரத நாள் வந்தால் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விரதம் இருக்கிறார். பன்றிக்கறி பக்கமே போவதில்லை. ஏன் என்று கேட்டால் "நான் யூதன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஒரே கடவுள் என்பதற்கே பேர் போனவர்கள். அப்படியிருக்க நம்பிக்கை இல்லாதவரை எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள்? கடவுள் இருக்கிறார் என்பதற்கு அவர்கள் வைக்கும் வாதம் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் செல்வி:

தம்பி, நான் தத்துவம் படித்தவள் இல்லை. எருசலேமில் பாயித் வெகன் பகுதியில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்தேன். ஆசாரமான குடும்பம். நான் சிஎஸ்ஐ சபைக்காரி, பழைய ஏற்பாடு ஓரளவு தெரியும். அந்தத் தைரியத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவரிடமே கேட்டேன், கடவுள் இருக்கிறார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள் என்று. "இதைக் கேட்க உனக்கு இப்போதுதான் நேரம் கிடைத்ததா? விளக்கேற்ற நேரமாச்சு" என்றார். மற்ற ஊர்களில் பெரும்பாலும் சூரியன் மறைய 18 நிமிஷம் இருக்கும்போது சபாத் (வாராந்திர ஓய்வுநாள்) மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எருசலேம் வழக்கம் 40 நிமிஷம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேள்வி கேட்க முடியாது.

நான் பார்த்த வரை, கடவுள் இருக்கிறாரா என்று அங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடக் கூடாது, அதில்தான் அத்தனை உஷாரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அம்மாவின் மருமகள் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு ஒயின் பாட்டிலைக் காட்டினார். மூடி திறந்ததை நான் தொடக் கூடாது என்றார். சுருக்கென்றது. தொடாதே என்ற பேச்சுக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு உட்கார வைத்து விளக்கினார். பழைய காலத்தில் சுற்றியிருந்த ஜனங்கள் ஒயினைத் தங்கள் சாமிகளுக்கு வார்த்துப் படைப்பார்களாம். அப்படிப் படைத்ததாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அந்த ஒயின் விலக்கு. அந்தச் சாமிகளைக் கும்பிட ஆள் இல்லாமல் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது, சட்டம் மட்டும் ஃபிரிட்ஜுக்குள் உயிரோடு இருக்கிறது! காய்ச்சிய ஒயினுக்கு இந்தத் தடை கிடையாது, அது படையலுக்கு ஆகாது என்று கணக்கு. அதற்கப்புறம் அந்த வீட்டில் 'மெவுஷால்' என்று லேபிள் போட்ட, காய்ச்சிய ஒயினாகவே வாங்கினார்கள். ஒன்றாக உட்கார்ந்து குடித்துப் பழகினால் சம்பந்தம் வரை போய்விடும் என்ற பயமும் இந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம். மருமகள் அதைச் சொல்லவில்லை. நாசூக்குதான்.

அந்த அம்மா காலையிலும் ராத்திரியிலும் வலது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஷெமா என்ற ஜெபத்தைச் சொல்வார். நம் பைபிளில் உபாகமம் 6:4, "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." வாசல் நிலையில் சாய்வாக அடித்திருக்கும் மெசூசா என்ற சின்னக் கூட்டுக்குள் தோல் சுருளில் எழுதியிருப்பதும் இந்த வசனத்தில்தான் தொடங்கும். கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை பாருங்கள்.

திருச்சி வாசகன்:

செல்வி அம்மா சொன்னது வீட்டு நடைமுறை. ஏட்டில் வாதம் நிறையவே இருக்கிறது. கோர்தோபாவில் பிறந்து, 1204இல் எகிப்தில் இறந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், கடவுள் இருக்கிறார் என்று அறிவதுதான் முதல் கட்டளை என்றார். விண்கோளம் ஓயாமல் சுழல்கிறது, சுழற்றுபவர் இல்லாமல் அது சுழலாது என்பது அவர் காட்டிய சான்று. அரிஸ்டாட்டில் வாசனை அடிக்கும். பதின்மூன்று கொள்கைகள் என்று பட்டியலும் போட்டார்.

அவர் சொன்னதை எல்லோரும் தலையாட்டி ஏற்கவில்லை. கடவுளுக்கு உடல் உண்டு என்று நம்புகிறவன் மதத்தை விட்டு விலகியவன் என்று அவர் எழுதினார். தென் பிரான்ஸில் இருந்த ராபாத் என்ற ரபி (யூத மதகுரு), இவரைவிடப் பெரியவர்களே அப்படி நம்பியிருக்கிறார்களே என்று கடுப்போடு குறிப்பு எழுதி வைத்தார். உடல் உண்டு என்பது ராபாதின் கட்சி அல்ல. அப்படி நினைப்பவனை வெளியே தள்ளாதே என்பதுதான். ஸ்பெயினில் க்ரெஸ்காஸ் என்பவர் அடிமடியிலேயே கை வைத்தார். "நம்பு" என்று கட்டளையிட வேண்டுமானால் கட்டளையிடுபவர் அங்கே முதலிலேயே இருக்க வேண்டும், பிறகு அது எப்படிக் கட்டளையாகும் என்றார். எனக்கு இவரைத்தான் பிடிக்கும்.

கபாலா என்ற யூத மறைஞான மரபில் கடவுளின் பத்து வெளிப்பாடுகளைப் பேசுவார்கள். கிறிஸ்தவர்களுக்கு மூன்று என்றால் இவர்களுக்குப் பத்தா என்று யூதர்களுக்குள்ளேயே கிண்டல் இருந்தது.

தாம்பரம் கார்த்தி:

நன்றி. ஆனால் என் நண்பர் கதை இன்னும் புரியவில்லையே. யூதராகப் பிறந்த தத்துவவாதி ஸ்பினோசாவை, மாறான கருத்துக்காக விலக்கித்தானே வைத்தார்கள்?

திருச்சி வாசகன்:

ஆமாம், 1656இல் ஆம்ஸ்டர்டாமில். அப்போது அவருக்கு வயது 23. ஆனால் சமூகத்தை விட்டு ஒதுக்குவது வேறு, யூதன் என்ற பிறப்பை அழிப்பது வேறு. இரண்டாவதற்கு அவர்கள் சட்டத்தில் இடமில்லை. எருசலேம் தால்மூத் என்ற பழைய சட்ட விளக்க நூலில், "அவர்கள் என்னைக் கைவிட்டாலும் என் தோராவை (வேதச் சட்டத்தை) கைக்கொண்டிருக்கலாமே" என்று கடவுளே ஆதங்கப்படுவதாக ஓர் இடம் வரும். உங்கள் நண்பர் அந்தக் கட்சி போலிருக்கிறது.

மார்த்தாண்டம் செல்வி:

அந்த அம்மாவின் பேரன் ஒருவன் டெல் அவிவில் இருந்தான், இதே ரகம். தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லை என்று அவன் சாப்பாட்டு மேசையிலேயே வாதாடுவான், பாட்டி சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். சபாத் அன்று வண்டி ஓட்டக் கூடாது; அன்று காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தான் என்று தெரிந்த அன்றுதான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழனி வேலு:

திருப்பதி முடியில் செய்த விக்கை யூதர்கள் நடுத்தெருவில் கொளுத்தினார்களே, அதுவும் இந்த ஒயின் கதைதானா? இந்துக்களைக் கேவலப்படுத்துவதாகத்தான் எனக்குப் பட்டது.

மார்த்தாண்டம் செல்வி:

அதே கதைதான் வேலு அண்ணே. கல்யாணமான ஆசாரப் பெண்கள் சொந்தத் தலைமுடியை வெளியே காட்ட மாட்டார்கள், பலர் விக் வைப்பார்கள். 2004இல் எருசலேமின் மூத்த ரபி எல்யாஷிவ், கோயிலில் இறக்கிய இந்திய முடியில் செய்த விக் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு முன் லண்டனிலிருந்து ஒரு ரபியைத் திருமலைக்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். புரூக்ளினிலும் எருசலேமிலும் கொளுத்தினார்கள். அன்னிய சாமிக்குப் படைத்த பொருளால் ஒரு பைசா லாபம்கூட அடையக் கூடாது, விற்கவும் கூடாது என்பது சட்டம். அதனால்தான் நெருப்பு. விலை கூடின விக்குகள் அண்ணே, மனசார யாரும் கொளுத்தியிருக்க மாட்டார்கள். நான் பார்த்துக்கொண்ட அம்மாவும் அதிலிருந்து நைலான் விக்குக்கு மாறினவர்தான். கோடையில் தலை அரிக்கிறது என்று புலம்புவார், ஆனாலும் கழற்ற மாட்டார்.

கேவலம் என்று நினைப்பது உங்கள் பக்கம் நியாயம்தான். 2008இல் எருசலேமில் இந்துத் தலைவர்களும் இஸ்ரேலின் தலைமை ரபிகளும் கூடி, இந்துக்கள் கும்பிடுவதும் ஒரே பரம்பொருளைத்தான் என்று கூட்டறிக்கை விட்டார்கள். அதற்காக விக் கடைகளில் ஒன்றும் மாறிவிடவில்லை. அறிக்கை வேறு, அலமாரி வேறு.

அந்த அம்மா என்னிடம் கேட்டது இதுதான். முடியைச் சாமிக்குக் கொடுக்கிறார்களா, இல்லை தலையை மழித்துக்கொள்வதுதான் வேண்டுதலா, முடி வெறும் கழிவா? அதில்தான் தீர்ப்பே நிற்கிறதாம். நான் என்னத்தைச் சொல்ல? நீங்கள் பழனிக்காரர், நீங்களே சொல்லுங்கள்.

பழனி வேலு:

எங்கள் வீட்டில் கேட்டால் முருகனுக்குக் கொடுத்தாச்சு என்பார்கள். அந்த ரபியிடம் என் பாட்டி மாட்டியிருந்தால் அவருக்கு வேலை மிச்சம். ஆனால் ஒன்று, திருமலையில் மழிப்பது கல்யாணக்கட்டாவில், அது கோயிலுக்குள்ளே இல்லை. மொட்டை போட்டு, குளித்துவிட்டு, அப்புறம்தான் தரிசனத்துக்குப் போவோம். முடியை யாரும் சன்னதிக்கு எடுத்துப் போவதில்லை, அது நேராக ஏலத்துக்குப் போகிறது. லண்டன் ரபி இதை எழுதிக்கொண்டு போனாரா?