ஜெபித்தவுடன் பேச்சு நின்றுவிடுகிறது: சபையில் கவுன்சிலிங் செய்பவர்களிடம் ஒரு கேள்வி

ஒலிவக்கிளை எழுதியது:

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். ஆலோசனை உளவியலில் முதுகலை முடித்த நான், போதகர் கேட்டுக்கொண்டதன்பேரில் எங்கள் சபையிலேயே வாரத்தில் ஒரு நாள் கவுன்சிலிங் செய்து வருகிறேன். என்னிடம் வரும் ஒரு சகோதரியைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். தாயாரைப் பல மாதங்கள் படுக்கையில் வைத்துப் பராமரித்தவர் அவர். கடைசி நாட்களில் களைப்பு மிகுதியால் தாயாரிடம் கடுமையாகச் சொல்லிவிட்ட ஏதோ ஒன்று அவரை உறங்கவிடாமல் வாட்டுகிறது. ஒவ்வொரு முறையும் பேச்சு அந்த இடத்தை நெருங்கும்போது சட்டென்று நிறுத்தி, "சிஸ்டர், ஜெபித்துவிடலாமா?" என்று கேட்கிறார். நான் ஜெபிக்கிறேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். அடுத்த வாரமும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

எனக்குக் கற்பித்த பேராசிரியர், ஆலோசனை அறைக்குள் உன் விசுவாசத்தைக் கொண்டுவராதே என்பார். எங்கள் சபை மூப்பர் ஒருவரோ, வேதவசனம் இருக்கும்போது மனித ஞானம் எதற்கு என்கிறார். நான் விசுவாசி, ஜெபத்தை மறுக்க என்னால் முடியாது. ஆனால் இந்தச் சகோதரியின் விஷயத்தில் ஜெபமே பேச்சை அடைத்துவிடுகிறதோ என்று அஞ்சுகிறேன். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்கிறீர்கள்?

வழித்துணை எழுதியது:

சகோதரி, நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு குரல்களும் புதியவை அல்ல. 1970-இல் ஜே ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் போதகர், ஆத்துமாக்களைப் பராமரிக்க உளவியல் தேவையில்லை, வேதமே போதும் என்று வாதிட்டு எழுதியதிலிருந்து இந்த விவாதம் கிறிஸ்தவ ஆலோசகர்களிடையே சூடாகவே நடந்து வருகிறது. மறுபக்கம், 1925-இல் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் மனநல மருத்துவமனைக்கே இறையியல் மாணவர்களை அழைத்துச் சென்று, நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் பயிற்சியைத் தொடங்கினார். அவரே சில ஆண்டுகளுக்கு முன்பு அத்தகைய மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். என் மனம் இரண்டாமவரின் பக்கமே சாய்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜெபிக்கலாமா என்று அவர் கேட்கும்போது மறுக்கவும் வேண்டாம், உடனே கண்களை மூடவும் வேண்டாம். "நிச்சயமாக ஜெபிக்கலாம். இப்போது ஆண்டவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உங்கள் மனதில் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். முடிந்தால் அவரையே ஜெபிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஜெபிக்கும்போது உங்கள் வார்த்தைகள் அழகாக வந்து விழுகின்றன. அவருடைய அந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்லப்படாமலேயே போய்விடுகிறது. அவர் தம் குற்றத்தை வாய்விட்டு அறிக்கையிடுவதற்கு முன்பே, ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று நாம் முந்திக்கொண்டு சொல்லும்போது, எது மன்னிக்கப்பட்டது என்பது அவருக்கே தெளிவாவதில்லை.

புலம்பல் சங்கீதங்கள் இதற்குப் பெரிதும் உதவும். 13-ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரையே கேட்டுத் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. இவற்றில் ஒன்றை அவரோடு வாசித்து, அதே நடையில் தம் வேதனையை நாலு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். பிலிப்பியர் 4:6-ஐ இப்போதைக்கு எடுக்க வேண்டாம். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்பதைத் துக்கத்தில் இருப்பவர் கட்டளையாகக் கேட்கிறார், கவலைப்படுவதே குற்றம் என்று இன்னொரு பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்.

முதல் சந்திப்பிலேயே ஜெபம், வசனம் எதுவரை வேண்டும் என்று கேட்டு, சம்மதம் பெற்றுக் குறித்து வைப்பதும் அவசியம். சபைக்கு வருகிறவர் என்பதாலேயே அவர் அதை விரும்புகிறார் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது.

கிணற்றடிப் போதகர் எழுதியது:

மேலே சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். போதகர்களாகிய எங்கள் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வசனம் போதும் என்று சொல்லும் மூப்பரிடம் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவை வேண்டிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அவர் தூங்கினார், தட்டி எழுப்பப்பட்டு அடையும் தண்ணீரும் பெற்றார், மறுபடியும் தூங்கினார். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று அவருடைய பலவீனத்தை ஒப்புக்கொண்ட பிறகே ஓரேப் மலைக்கான பயணம் தொடங்குகிறது. அங்கேயும் கர்த்தர் முதலில் கேள்வி கேட்டு, எலியா தம் குறையைக் கொட்டித் தீர்க்க இடம் கொடுக்கிறார். இதைவிடத் தெளிவான ஆலோசனை முறையை நான் எங்கும் படித்ததில்லை. எல்லாவற்றையும் இழந்து துயரத்தில் இருந்த யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல துணையாகவே இருந்தார்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது இரகசியத்தைக் குறித்துத்தான். சபையில் இரகசியம் வெளியேறும் பெரிய வாசல் புறங்கூறுதல் அல்ல, ஜெபக்குறிப்பு. "தாயாரை இழந்து மனப்பாரத்தில் இருக்கிற ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம்" என்று பெயர் சொல்லாமல் அறிவித்தாலும், கூட்டத்தில் இருப்பவர்கள் யாரென்று அந்த நிமிடமே கண்டுகொள்வார்கள். ஆகவே கவுன்சிலிங் அறையில் கேட்டது எதுவும், எவ்வளவு நல்ல நோக்கமானாலும், ஜெபக்குறிப்பாக வரக் கூடாது என்று போதகரும் மூப்பர்களும் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். யார் வருகிறார்கள் என்று போதகர் உங்களிடம் கேட்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, குழந்தை துன்புறுத்தப்பட்டாலோ மட்டும் இரகசியம் பொருந்தாது. அதையும் முதல் நாளே வருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதற்கு வேதத்தில் எந்த ஆதரவும் இல்லை.

ஞாயிறு ஆராதனையில் அந்தச் சகோதரியைப் பார்த்தால் நீங்களாக அந்த விஷயத்தைத் தொடாதீர்கள். அவர் அங்கே சபையின் ஓர் அங்கம், அவ்வளவுதான்.

மனநலப்பணி எழுதியது:

நான் மனநல மருத்துவத் துறையில் பணிபுரியும் விசுவாசி. இந்தச் சகோதரியின் தூக்கம், பசி, அன்றாட வேலை எப்படி இருக்கின்றன என்று நேரடியாகக் கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றும் தயங்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை, பலருக்கும் யாரோ கேட்டார்களே என்ற நிம்மதிதான் கிடைக்கிறது. ஆம் என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நெருங்கியவரின் மரணத்துக்குப் பிறகான துக்கம் இயல்பானது. ஆனால் மாதங்கள் சென்றும் ஏக்கம் தணியாமல் வாழ்க்கையே முடங்கிப்போனால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின்படி குறைந்தது 6 மாதங்களுக்குப் பிறகு அதை நீடித்த துக்கக் கோளாறாகக் கருத இடமுண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது, மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று நாள்தோறும் போதகரிடம் கேட்பது, ஜெபத்தில் ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து தொடங்குவது போன்றவை இருந்தால், அது ஓ.சி.டி. என்னும் எண்ணச்சுழற்சி நோயின் மதம் சார்ந்த வடிவமாக இருக்கலாம். அங்கே நாம் கொடுக்கும் ஒவ்வொரு உறுதிமொழியும் சிறிது நேரம் அமைதி தந்து, பிறகு சந்தேகத்தை இன்னும் வலுப்படுத்துகிறது. "நிச்சயமாக மன்னிப்பு உண்டு" என்று அன்போடு நூறு முறை சொல்வதே நோய்க்குத் தீனியாகிவிடும். பயத்தை எதிர்கொண்டு, உறுதிமொழி தேடாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் இதற்கு உண்டு. மருந்து வேலை செய்ய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம் என்பதால், இடையில் யாரும் அவரிடம் விசுவாசத்தினால் நிறுத்திவிடு என்று சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விவரித்ததில் இந்த அடையாளங்கள் தெரியவில்லை. பேசத் துணியாத ஒரு குற்றவுணர்வே தெரிகிறது.

அமைதிநதி எழுதியது:

நான் ஆலோசகர் அல்ல, ஆலோசனை பெற்றவன். மகனை இழந்தபின் ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் என்று சொன்னபோது என் ஆலோசகர் பதறவும் இல்லை, திருத்தவும் இல்லை. "எதற்காக என்று சொல்லுங்கள்" என்றார். அதன் பிறகுதான் எனக்கு மறுபடியும் ஜெபிக்க முடிந்தது.

ஒலிவக்கிளை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜெபக்குறிப்பைப் பற்றிப் போதகர் ஐயா எழுதியதை எங்கள் போதகரிடம் இன்றே காட்டினேன்; அடுத்த மூப்பர் கூட்டத்திலேயே எழுதி வைப்போம் என்று ஒப்புக்கொண்டார். தூக்கத்தையும் சாவின் எண்ணத்தையும் பற்றி வரும் சந்திப்பில் தொடக்கத்திலேயே கேட்கப்போகிறேன். ஜெபிக்கலாமா என்று அவர் கேட்டால், வழித்துணை சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். ஒருவேளை அவரும் மௌனமாகவே இருந்துவிட்டால், எவ்வளவு நேரம் காத்திருப்பது தகும்?

வழித்துணை எழுதியது:

அவர் மௌனம் உங்களுக்குச் சங்கடமாக இருப்பதற்காக மட்டும் அதைக் கலைக்காதீர்கள். அவருக்கு மூச்சு முட்டுவதுபோல் தெரிந்தால், "இன்று சொல்ல வேண்டியதில்லை, அது இங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதன்பின் அவர் விரும்பினால் இருவரும் சேர்ந்து ஜெபிக்கலாம்.