பூர்ணாஹுதித் தட்டைத் தொட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா?

ஹோமத்தின் நிறைவில் பட்டுத்துணியில் மூட்டையாகக் கட்டித் தீயில் இடுவதுதான் பூர்ணாஹுதி. அப்பாவின் அறுபதாம் கல்யாணம் வரைக்கும் அது என்றால் என் மனதில் ஒரே கேள்விதான்: நல்ல பட்டுத்துணியை எதற்குத் தீயில் போடுகிறார்கள்? அன்று ஐயர் சிவப்புப் பட்டை விரித்து, கொப்பரையைத் துளையிட்டு நெய் நிரப்பி, வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, நாணயம் எல்லாம் சேர்த்துக் கட்டியபோது கேட்டே விட்டேன்.

"இளங்காயில பருப்பு ஓட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. முத்திக் காஞ்சா தானா ஓட்டை விட்டுடும். ஆட்டிப் பார்த்தா உள்ள கடகடன்னு உருளும். விடத் தெரிஞ்ச காயைத்தான் கடைசியா குடுக்கிறோம்" என்றார்.

காலையிலிருந்து தீயில் இட்ட ஒவ்வொரு ஆகுதிக்கும் அப்பா "ந மம" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 'என்னுடையது இல்லை' என்று பொருள். சொன்னாரே தவிர, சித்தப்பாவோடு வேலித் தகராறில் பேச்சு நின்று பல வருடம். சித்தப்பா மண்டப வாசலிலேயே நின்றிருந்தார். ஐயருக்கு இதெல்லாம் தெரியாது. "பங்காளிங்க எல்லாரும் வந்து தட்டைத் தொடுங்க" என்று கூப்பிட்டார். சித்தப்பா வந்தார். அப்பாவின் கைக்குப் பக்கத்தில் அவர் கை. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. மூட்டை குண்டத்தில் இறங்கி, மேலே நெய் தாரையாக விழுந்தபோது அப்பா வாய்விட்டு அழுதார். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேலித் தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் தீபாவளிக்குப் பலகாரம் அந்த வீட்டுக்கும் போகிறது.

அன்று ஓதிய மந்திரத்தின் பொருளைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். "ஸப்த தே அக்னே" என்று தொடங்கும். அக்னிக்குச் சமித்து என்னும் ஹோமக் குச்சி ஏழு, நாக்கு ஏழு, ரிஷிகள் ஏழு என்று அடுக்கிக்கொண்டே போய், உன் ஏழு இருப்பிடங்களையும் நெய்யால் நிரப்பிக்கொள் என்று முடியும். நிரப்பு என்பதுதான் அதன் கடைசி வேண்டுதல். பூர்ணாஹுதியை 'முடிவு ஆகுதி' என்று சொல்வது அதனால்தான் எனக்குப் பொருந்தவில்லை. பூர்ணம் என்றால் நிறைவு.

உங்கள் வீட்டிலோ கோயிலிலோ கண்டதை எழுதுங்கள்.

*

அக்கா, பூர்ணாஹுதி முடிவு இல்லை என்று நீங்கள் சொன்னதைக் கோயிலில் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் சிவன் கோயில் கும்பாபிஷேகத்தில் யாகசாலைக்கு விறகும் சமித்தும் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. சாமியின் கலையை, அதாவது சக்தியை, கும்பத்துத் தண்ணீருக்கு மாற்றி வைத்துத்தான் யாகம் நடக்கும். கடைசிக் கால யாக பூஜையில் நாடி சந்தானம். குண்டத்திலிருந்து மூலவர் வரைக்கும் தர்ப்பைக் கயிறு கட்டி ஆகுதி செய்தார்கள். அதற்குப் பிறகுதான் மகா பூர்ணாஹுதி.

அதோடு எல்லாம் முடிந்தது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். பெரிய சிவாச்சாரியார், "எழுந்திருப்பா, இனிமேதான் சாமி புறப்படுது" என்றார். அந்தக் கும்பங்களைத் தலையில் வைத்துக்கொண்டு மேளத்தோடு வெளியே வந்தார்கள். கோபுரத்துக் கலசத்தில் அந்தத் தண்ணீர் விழுந்தபோது யாகசாலையில் ஒருத்தரும் இல்லை, குண்டத்தில் தணல் மட்டும் கிடந்தது. தீக்குக் கொடுத்ததெல்லாம் தண்ணீராக மேலே போய்ச் சேர்ந்தது போல எனக்குத் தோன்றியது.

*

நான் எழுதுவது சின்ன விஷயம். வீட்டில் கணபதி ஹோமம். 108 ஆகுதி. நடுவில் அம்மாவுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. குறை வந்துவிட்டதே என்று முகம் வாடிப்போனது.

பூர்ணாஹுதிக்கு முன்னால் பிராயச்சித்த ஆகுதி என்று கொஞ்சம் நெய் விடுவார்கள். பலரும் அதைக் கவனிப்பதில்லை. அதில் "அனாஜ்ஞாதம்" என்று தொடங்கும் மந்திரம் வரும். அறிந்தும் அறியாமலும் இந்த யாகத்தில் நேர்ந்த பிழையை, அக்னியே, நீயே சரிசெய்துகொள் என்று கருத்து. சாஸ்திரிகள் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, "மாமி, பிழை வரும்னு தெரிஞ்சுதான் பெரியவா இதை வச்சிருக்கா. குறையை நெரப்பிட்டுத்தான் பூர்ணம்" என்றார்.

அம்மா நெய்க் கரண்டியை அவரிடமிருந்து வாங்கி, அந்த ஆகுதியைத் தன் கையாலேயே விட்டார். பிறகு வைத்த ரட்சையை, அந்த ஹோமக் கரிப் பொட்டை, அன்று இரவு வரை நெற்றியிலிருந்து அழிக்கவே இல்லை.