பழைய டீசல் பிக்கப்: ஆயில் மாற்றும் முன் ப்ளஷ் பாட்டில் ஊற்றலாமா, கூடாதா?

ராயக்கோட்டை பிக்கப்:
வணக்கம் அண்ணா. என்னுடையது 2009 மாடல் டீசல் பிக்கப், மூன்றாவது கை மாறி வந்த வண்டி, மீட்டர் 2,40,000 காட்டுகிறது. ராயக்கோட்டை மண்டியிலிருந்து தக்காளி ஏற்றி ஓசூருக்கும் தருமபுரிக்கும் ஓட்டுகிறேன். நேற்று ஆயில் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவினால் ரோட்டுத் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது, சோப்பு போட்டும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. ஆயில் கடைக்காரர் ஒரு ப்ளஷ் பாட்டிலைக் கொடுத்து, பழைய ஆயிலிலேயே ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஐடிலில் விட்டு இறக்கினால் உள்ளே கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்கிறார். எங்கள் மெக்கானிக் அதைத் தொடவே கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

அரூர் பட்டறை:
ஊற்றாதீங்க தம்பி. ஆயில் பம்ப், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியிலிருந்துதான் ஆயிலை உறிஞ்சுகிறது, அந்தக் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும், அதுதான் ஸ்டிரெய்னர். ஆயில் பில்டர் பம்ப்புக்கு அப்புறம்தான் வருகிறது. அதனால் மேலே ஹெட்டிலிருந்து பெயர்ந்து விழும் கசடு முதலில் போய் உட்காருவது அந்த வலையில்தான், பில்டரில் இல்லை. வலை அடைத்தால் பம்ப் உறிஞ்ச ஆயில் கிடைக்காது, பிரஷர் இறங்கும், டர்போவும், இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்கின் பேரிங்கும்தான் முதலில் அடிபடும். ஒட்டிக்கொண்டிருக்கும் கசடைவிடப் பெயர்ந்து வரும் கசடு மோசமானது. 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், திறந்து பார்க்காத இன்ஜினில் நான் பாட்டில் ஊற்றியதே இல்லை.

ஓசூர் சிப்காட்:
சார், அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னுடைய 2004 பெட்ரோல் காரில் இரண்டு ஆயில் மாற்றத்துக்கு ஒரு முறை ப்ளஷ் ஊற்றுகிறேன், இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரைக் கழற்றினால் உள்ளே அலுமினியம் அலுமினியமாகவே தெரிகிறது. பாட்டிலில் இருப்பது லேசான பெட்ரோலிய கரைப்பானும் டிடர்ஜென்ட்டும்தான். கசடைப் பாளம் பாளமாகப் பெயர்த்துப் போடுவது அதன் வேலை இல்லை, கரைத்து ஆயிலோடு வெளியே கொண்டுவருவதுதான் வேலை. அப்புறம், கசடு என்றாலே வண்டியைக் கவனிக்காதவன் என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவில் டொயோட்டா 1997 முதல் 2002 வரை விற்ற சில இன்ஜின்களில் ஸ்லட்ஜ், அதாவது இதே கசடுப் பிரச்சினை வந்து, 2002இல் அந்த வண்டிகளுக்கு 8 வருடம் வரை பொறுப்பேற்றுக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி வண்டியிலேயே வந்திருக்கிறது.

காவேரிப்பட்டணம் லோடு:
நான் இதில் பணம் இழந்தவன், அதனால் சொல்கிறேன். போன மாம்பழ சீசனில் இதே மாதிரி ஒரு பாட்டில் ஊற்றினேன். சேலத்தில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஆயில் விளக்கு எரிந்தது. சுவிட்ச் கோளாறாக இருக்கும் என்று நினைத்து மேலே ஏறுகிற வரை மிதித்துவிட்டேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. தருமபுரி வருவதற்குள் அடியிலிருந்து டக் டக் என்று சத்தம். பிரித்துப் பார்த்தால் கிராங்க்கில் மாட்டும் பிக் எண்ட் பேரிங் செம்பு நிறம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது, கிராங்க்கைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மொத்தம் 65,000 ரூபாய். சீசன் முழுக்க வண்டி பட்டறையில்.

ஓசூர் சிப்காட்:
உங்கள் நஷ்டம் பெரியதுதான், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பாட்டில் ஊற்றிய ஆயிலோடு வண்டியை ஓட்டினீர்களா, நிற்க வைத்து இறக்கினீர்களா?

காவேரிப்பட்டணம் லோடு:
ஓட்டினேன். லோடு போய்விட்டு வந்து ஆயிலை மாற்றிக்கொள், அப்போதுதான் நன்றாகக் கழுவும் என்று கடையில் சொன்னார்கள்.

ஓசூர் சிப்காட்:
அங்கேதான் தவறு நடந்திருக்கிறது. கரைப்பான் கலந்தால் ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே நிற்க வேண்டிய படலம் மெலிந்துவிடும். அதனால்தான் இந்த வகை ப்ளஷ் பாட்டிலில் ஐடில் மட்டும், ஓட்டாதே, ரேஸ் பண்ணாதே என்று போட்டிருக்கும். 15 நிமிடப் பொருளை லோடு வண்டியில் தொப்பூர் ஏற்றினால் எந்த இன்ஜின் தாங்கும்?

அரூர் பட்டறை:
நீங்கள் சொல்வது சரி, ஆனால் அதைப் படித்து நடப்பவர் எத்தனை பேர்? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டிலுக்குப் பதில் மண்ணெண்ணெயோ டீசலோ ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு வருகிறவர்கள். இன்னொன்று, உங்கள் கார் சுத்தமான இன்ஜின். சுத்தமான இன்ஜினில் ப்ளஷ் ஊற்றினால் ஒன்றும் ஆகாது, அதை வைத்து 2,40,000 ஓடிய மூன்றாம் கை டீசலுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தம்பி, ஆயில் கருப்பாக இருப்பதை வைத்துப் பயப்படாதீங்க, டீசலில் புதிய ஆயிலே சீக்கிரம் கருத்துவிடும், அது புகைக்கரி. நீங்கள் சொன்ன பிசின்தான் கசடு. ஆயிலில் தண்ணீர் கலந்த அடையாளமாக மூடியில் காபி மாதிரி பால் நிறம் ஏதாவது இருந்ததா? ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா?

ராயக்கோட்டை பிக்கப்:
பால் நிறம் இல்லை அண்ணா, கருப்புதான். தண்ணீர் குறைகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மே மாதம் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் இரண்டு முறை ஹீட் ஆகி ஓரம் கட்டினேன்.

அரூர் பட்டறை:
அப்படியென்றால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் பக்கத்து போர் தண்ணீரைப் பாத்திரத்தில் காய்ச்சினாலே வெள்ளையாகப் படிகிறது, ரேடியேட்டருக்குள் படியாமல் இருக்குமா? அந்த உப்பு அடைத்தால் இன்ஜின் சூடாகும், சூட்டில் ஆயில் வெந்து பிசினாகும். முன்னால் வைத்திருந்தவர் ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றினாரோ அதுவும் தெரியாது. எத்தனை பாட்டில் ஊற்றினாலும் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றாத வரை கசடு திரும்ப வரும். சம்ப்பை இறக்கச் சொல்லுங்கள், ஸ்டிரெய்னரைக் கழற்றி டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, டேப்பட் கவரைத் திறந்து கையால் வழித்து எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40 ஆயில், புது பில்டர். 1,500 கிலோமீட்டரில் இறக்குங்கள், திரும்ப ஒரு 1,500. அந்த ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட்டே மிச்சத்தை மெதுவாகக் கரைத்து எடுத்துவிடும்.

ஓசூர் சிப்காட்:
இதில் ஒரு மாதத்தில் இரண்டு முறை ஆயில் செலவு, இரண்டு நாள் வாடகை நஷ்டம். தக்காளி ஓட்டுகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை சார். ஸ்டிரெய்னர் சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒரு முறை ப்ளஷ் போட்டால் என்ன?

அரூர் பட்டறை:
சீல். கசடு போனதும் காய்ந்த ஆயில் சீல் ஒழுக ஆரம்பிக்கும்.

ஓசூர் சிப்காட்:
சீல் ஏற்கெனவே காய்ந்து போனதால்தான் ஒழுகுகிறது, பாட்டில் அதைக் கெடுக்கவில்லை. உங்கள் முறையில் மெதுவாகச் சுத்தம் செய்தாலும் அதே இடத்தில் ஒழுகத்தான் போகிறது.

ராயக்கோட்டை பிக்கப்:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சம்ப்பை இறக்கினோம். வலையில் முக்கால் பங்கு மூடியிருந்தது. கசடு மட்டும் இல்லை அண்ணா, நடுவில் கருத்த ரப்பர் துண்டு மாதிரி ஏதோ மாட்டியிருந்தது. மெக்கானிக் விரலால் இழுத்தார், அறுந்துபோகாமல் நூடுல்ஸ் மாதிரி நீண்டது. முன்பு யாரோ சம்ப் கேஸ்கெட்டுக்கு அதிகமாக அனபாண்ட் (கசிவை அடைக்கத் தடவும் பசை) தடவியதில் உள்பக்கம் பிதுங்கியது பெயர்ந்து வலைக்கு வந்திருக்கிறது என்றார். கழுவிப் பூட்டி, நீங்கள் சொன்ன ஆயில் ஊற்றியாயிற்று, ரேடியேட்டரும் கழற்றிச் சுத்தம் செய்து கூலன்ட் போட்டாயிற்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு முன்னைவிடச் சீக்கிரம் அணைகிறது. ஆனால் கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் ஈரம் தெரிகிறது.

ஓசூர் சிப்காட்:
அனபாண்ட் துண்டை எந்த ப்ளஷும் கரைக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். முக்கால் பங்கு அடைத்த வலையோடு பாட்டில் ஊற்றியிருந்தால் இவர் வண்டியும் தொப்பூர் கதைதான். ஆனால் ஒழுகலைப் பாருங்கள், பாட்டில் ஊற்றாமலே வந்துவிட்டது.

அரூர் பட்டறை:
வந்துவிட்டது, சரிதான். தம்பி, ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை போட்டு வையுங்கள். காலையில் எத்தனை சொட்டு?

ராயக்கோட்டை பிக்கப்:
இன்று காலை பார்த்தேன். இரண்டு சொட்டு, ஒன்று ஐந்து ரூபாய்க் காசு அளவு.

அரூர் பட்டறை:
அதற்காகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். டிப்ஸ்டிக்கைத் தினமும் காலையில் பாருங்கள். 1,500 ஓடினதும் அரூர் பக்கம் வந்தால் பழைய பில்டரைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள், அறுத்துத் தாளை விரித்துப் பார்ப்போம்.