யூரிக் ஆசிட்டுக்கு எலுமிச்சை, சிட்ரேட் சிரப் எடுத்தவர்கள் உண்டா? என்ன ஆனது?

சேலம்_முருகு
அப்பாவுக்கு 61 வயது. வலது கால் பெருவிரல். அந்த வலியைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் 8.9. மாத்திரை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது என்று யாரோ சொல்ல, நாலு மாதம் எலுமிச்சைதான். தினம் காலையில் இரண்டு பழம், ஒரு சொம்புத் தண்ணீர். நான்தான் பிழிந்து கொடுத்தேன். மறுபடி பார்த்தால் 8.4. அதே வாரம் ராத்திரி திரும்ப வந்துவிட்டது. விளக்கைப் போட்டேன். போர்வை நுனி விரலில் படாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், சத்தமே போடவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ. யாருக்காவது எலுமிச்சையில் குறைந்ததா?

திருச்சி_கண்ணன்
எனக்குக் கேட்டது. ஆனால் மூட்டுக்கு இல்லை, சிறுநீரகக் கல்லுக்கு. 9 மி.மீ. ஸ்கேனில் இருந்தது, எக்ஸ்ரேயில் தெரியவில்லை. அப்படியானால் யூரிக் ஆசிட் கல்லாக இருக்கலாம் என்று டாக்டர் பொட்டாசியம் சிட்ரேட் சிரப் எழுதினார். தண்ணீரில் கலந்து மூன்று வேளை. கூடவே சிறுநீரின் பி.எச். பார்க்கும் பட்டை, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். முதல் நாள் நனைத்தால் ஆரஞ்சு, 5. அந்த அளவில் யூரிக் ஆசிட் கரையாமல் படிந்துகொண்டே இருக்குமாம். 6-க்கு மேல் ஏற்ற வேண்டும், 7-ஐத் தாண்டினால் வேறு வகைக் கல் வரும். தினமும் பார்ப்பேன், அதே ஆரஞ்சு. பதினோராம் நாள் மஞ்சளில் பச்சை கலந்து வந்தது, 6.5. குளியலறையிலிருந்தே மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று மாதத்தில் கல் இல்லை.

நாகை_சுப்பு
முருகு தம்பி, எலுமிச்சையைக் குறை சொல்லாதீர்கள். எனக்கும் முழங்காலில் வந்து, இரண்டு வருடமாக எலுமிச்சை குடிக்கிறேன், திரும்ப வரவில்லை. புளிப்பைக் குடித்தால் அமிலம் அதிகமாகாதா என்று கேட்பார்கள். ஆகாது. சிட்ரேட்டை உடம்பு பைகார்பனேட்டாக மாற்றிவிடும், அதனால்தான் சிறுநீரில் புளிப்பு குறைகிறது. 1776-ல் சிறுநீர்க் கல்லில் யூரிக் ஆசிட்டைக் கண்டுபிடித்ததும், 1784-ல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் ஆசிட்டைப் பிரித்ததும் ஒரே ஆள்தான், ஸ்வீடனின் ஷீலே. அப்பாவுக்கு ஜூஸில் சர்க்கரை போட்டீர்களா? சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், அதுவே யூரிக் ஆசிட்டைக் கூட்டும். பாட்டில் குளிர்பானமும் அப்படித்தான். ஈரல், நெத்திலி, மத்தி, பீர் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். குடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், பல் கூசும். கண்ணன் குடித்த சிரப்பும் இதுவும் ஒன்றுதான், பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், அவ்வளவே.

மதுரை_செல்வி
சுப்பு அண்ணா, அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஒன்றில்லை. சிரப்பில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. அம்மாவுக்குச் சிறுநீரகம் சரியில்லை, கிரியாட்டினின் 2.3, பிரஷர் மாத்திரை வேறு. கால் வீக்கத்துக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு அத்தை தன் பாட்டிலைக் கொடுத்தார். எட்டாம் நாள் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 6.4, ஆபத்தான அளவு. ஈசிஜி தாளை டாக்டர் மேசையில் விரித்து, கூடாரம் போலக் கூராக நின்ற அலைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒன்றும் பேசவில்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேப்_பிரபா
சிறுநீரும் ரத்தமும் இங்கே கலந்துவிட்டன. சிறுநீரில் கல்லைக் கரைப்பதில் சிட்ரேட்டுக்கு நல்ல ஆதாரம் உண்டு, கண்ணன் சார் சொன்னது அதுதான். ரத்தத்தில் 6.8-க்கு மேல் போனால் யூரேட், அதாவது யூரிக் ஆசிட்டின் உப்பு, மூட்டில் படிகமாகும். 6-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்க வேண்டும். 8.9-ஐ அங்கே இறக்கும் அளவுக்கு எலுமிச்சைக்கு வலு இல்லை. 2005-ல் 184 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினம் 500 மி.கி. வைட்டமின் சி கொடுத்த ஆய்வில்கூட இரண்டு மாதத்தில் குறைந்தது சுமார் 0.5தான், அதுவும் சிட்ரிக் ஆசிட் இல்லை. இன்னொன்று, வலி இருக்கும் நாளில் ரத்தம் எடுத்தால் அளவு சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். ஒருவரின் மூட்டு நீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது, ஒரு வெள்ளணுவுக்குள் ஊசி போன்ற யூரேட் படிகம் குறுக்கே குத்தி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, வலிக்கிறது என்று யார் சொன்னாலும் அந்த ஊசிதான் ஞாபகம் வரும்.

சேலம்_முருகு
சர்க்கரை போட்டேன் அண்ணா. மூன்று ஸ்பூன். அப்பாவுக்குப் புளிப்பு ஆகாது என்று. இந்த வாரம் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

திருச்சி_கண்ணன்
செல்வி அக்கா, எனக்குச் சிரப் எழுதும் முன்பே கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தார்கள். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

மதுரை_செல்வி
வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார். அந்த பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது, பாதிக்கு மேல் மீதி. அத்தை அன்பாகக் கொடுத்தது. அவரும் பிரஷர் மாத்திரை போடுகிறவர். என்ன சொல்லி அவரை ரத்தம் பார்க்கச் சொல்வது என்று தெரியவில்லை.