புதுப்பிப்பு: கடையை மூடவில்லை (செப்டெம்பர் 2022)

யாழ்ப்பாணத்திலிருந்து பேஸ்புக் வழியாகப் பனையோலைப் பெட்டி, ஒடியல் மா, பனங்கட்டி விற்கிறேன், இதை மூடிவிடலாமா என்று ஜூனில் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். அப்போது பெற்றோல் இல்லை, கரண்டும் அடிக்கடி போகும்.

மூடவில்லை. இப்போது அரசு கொண்டுவந்த கியூஆர் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைக்கிறது. அதனால் தினமும் டவுனுக்கு ஓடாமல் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பார்சல் கொண்டுபோகிறேன்.

உண்மையில் என்னைக் கவிழ்த்தது பெற்றோல் தட்டுப்பாடு அல்ல, பொருள் கைக்குப் போனபின் காசு வாங்கும் வழக்கம்தான். ஓடர் போட்டவர்களே கையில் காசில்லாமல் பார்சலைத் திருப்பிவிடுவார்கள். போக, வர இரண்டு கூலியும் என் தலையில். அவர்களையும் குறைசொல்ல மனம் வரவில்லை. நீங்கள் சொன்னபடி பாதிப் பணத்தை முதலில் வங்கியில் போடச் சொன்னேன். ஓடர் குறைந்தது, ஆனால் திரும்பி வருவது நின்றுவிட்டது.

அப்புறம், மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் இப்போது 360ஐத் தாண்டிவிட்டது. லண்டன், கனடாவில் இருப்பவர்களுக்கு நம் விலை மலிவு. இங்குள்ள அம்மா, சகோதரிகளுக்கு அவர்கள் ஓடர் போடுகிறார்கள். அந்தக் காசில்தான் பெட்டி இழைக்கும் அக்காமாருக்குக் கூலியைக் கூட்டினேன். அரிசி விற்கிற விலைக்கு அதுவும் போதாது. நத்தாருக்குள் இன்னொரு முறை கூட்ட வேண்டும்.