வெளிநாட்டு டூரிஸ்ட் வருகையில 2019ல தமிழ்நாடு முதலிடம், 2023ல ஏன் இப்படி? கணக்கு புரியல

மலைக்கோட்டை:
எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்காக, இந்தியாவுக்கு வர்ற வெளிநாட்டு டூரிஸ்ட்டுங்க எந்தெந்த மாநிலத்துக்குப் போறாங்கன்னு பாத்துட்டு இருக்கேன், மத்திய சுற்றுலா அமைச்சகம் வருஷா வருஷம் போடுற புள்ளிவிவரத்த வச்சுத்தான். 2019ல நாட்டுக்குள்ள வந்த வெளிநாட்டுக்காரங்க 1.09 கோடி. ஆனா அதே வருஷம் எல்லா மாநிலத்தையும் கூட்டினா 3.14 கோடி வருது. அதுல தமிழ்நாடு மட்டும் 68 லட்சத்துக்கு மேல, முதலிடம். அடுத்து மகாராஷ்டிரா 55 லட்சம், உ.பி. 47 லட்சம். அப்போ இந்தியாவுக்கு வந்தவங்கள்ல நூத்துக்கு அறுபது பேருக்கு மேல இங்க வந்துட்டுப் போனாங்களா? நான் திருச்சிதான், ஸ்ரீரங்கத்துல வெளிநாட்டுக்காரங்களப் பாக்காம இல்ல, ஆனா அவ்ளோ பேரா?

இன்னொண்ணு, 2023ல நாட்டோட மொத்தம் 95 லட்சத்துக்கு ஏறிடுச்சு, தமிழ்நாடு மட்டும் 11.7 லட்சத்துலயே நிக்குது. ப்ராஜெக்ட் கைடு கேட்டா என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. யாராச்சும் புரியுற மாதிரி சொல்லுங்க.

ரிசப்ஷன்டெஸ்க்:
முதல் கேள்விக்கு நான் சொல்றேன் தம்பி, ஹோட்டல் வேலையிலதான் இருக்கேன். 1.09 கோடிங்கறது ஏர்போர்ட், துறைமுகம், தரை எல்லைன்னு இமிகிரேஷன்ல எண்ணுறது. ஒருத்தர் உள்ள வந்தா ஒண்ணு. மாநிலக் கணக்கு அப்படி இல்ல, அது விசிட் கணக்கு. டெல்லில இறங்கி ஆக்ரா போய் ஜெய்ப்பூர் பாத்துட்டுப் போனா டெல்லிக்கு ஒண்ணு, உ.பி.க்கு ஒண்ணு, ராஜஸ்தானுக்கு ஒண்ணு. ஆள் ஒண்ணு, எண்ணிக்கை மூணு. அதனால மாநிலங்களக் கூட்டி நாட்டோட மொத்தத்தோட ஒப்பிடவே கூடாது.

வெளிநாட்டுக்காரங்க செக்இன் பண்ணா நாங்க சி ஃபார்ம்னு சொல்ற படிவம் போடணும். பாஸ்போர்ட், விசா நம்பர், இந்தியாவுக்குள்ள எப்போ எங்க இறங்கினாங்க, எங்கேர்ந்து வர்றாங்க, இங்கேர்ந்து எங்க போறாங்க, எல்லாம் 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல ஏத்தியாகணும். அது இமிகிரேஷன் பக்கம் போறது. சுற்றுலாத் துறைக்குக் குடுக்குற மாச எண்ணிக்கை வேற. அந்த மாச எண்ணிக்கைய எல்லா லாட்ஜும் ஒழுங்கா குடுக்கும்னு நான் நம்பல, கூட்டிச் சொல்றதும் இருக்கும், குடுக்காமலே விடுறதும் இருக்கும்.

எல்லைக்கோடு:
மேல சொன்னது சரி, ஆனா அது மட்டும் போதாது. நீங்க கேட்ட அறுபது சதவீதத்துக்கு ஒரு செக் இருக்கு, நுழைவாயில் கணக்கப் பாருங்க. 2019ல அதிகமா உள்ள வந்தது டெல்லி ஏர்போர்ட், அடுத்து மும்பை, மூணாவது மேற்கு வங்கத்துல ஹரிதாஸ்பூர், அதாவது பெட்ராபோல் தரை எல்லை, சென்னை அதுக்கும் கீழதான், பத்து சதவீதம்கூட இல்ல. வடக்குல இறங்கி இங்க வர்றவங்களும் இருக்காங்கதான், ஆனாலும் வந்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்குக் கிட்ட தமிழ்நாட்டுக்கு வந்தாங்கன்னு என்னால ஏத்துக்க முடியல. ஒரே ஆள் இங்கயே சென்னை, மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரைன்னு நாலு ஊர்ல தங்கினா நாலு தடவ எண்ணப்பட்டிருக்கும்ங்கறது என் எண்ணம். அப்படின்னா 2019ஐயும் 2023ஐயும் பக்கத்துல வச்சு 'விழுந்துடுச்சு'ன்னு எழுதுறது ஆபத்து.

ரேங்க்கும் எப்படி ஆடுது பாருங்க. 2021ல பஞ்சாப் முதலிடம், 2022ல குஜராத், 2023ல மகாராஷ்டிரா. மூணு வருஷத்துல மூணு மாநிலம். தாஜ்மஹால் இடம் மாறல, மாறினது வந்தவங்க. கோவிட் முடிஞ்சதும் முதல்ல வந்தது சொந்தக்காரங்களப் பாக்க வர்றவங்கதான்னு நினைக்கிறேன், கனடா பாஸ்போர்ட் வச்சிருக்க பஞ்சாபி, அமெரிக்க பாஸ்போர்ட் வச்சிருக்க குஜராத்தி, அவங்களும் கணக்குல வெளிநாட்டுக்காரங்கதான். கோவிட்டுக்கு முன்னாடியே விடுமுறைக்குன்னு வந்தவங்க 57 சதவீதம்தான், மீதி பிசினஸ், வம்சாவளி, வைத்தியம் இப்படி.

வைத்தியம்னதும் வங்கதேசத்த விடக்கூடாது. 2023ல இந்தியாவுக்கு அதிகமா ஆள் வந்தது அங்கேர்ந்துதான், 21 லட்சம். அதுல நிறைய பேர் கொல்கத்தாவுக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க. 2024 ஆகஸ்ட்டுல அங்க ஆட்சி மாறினதும் விசா குடுக்குறது சுருங்கிடுச்சு, அந்த வருஷம் 17 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கி அமெரிக்கா மேல வந்துடுச்சு. வேலூர்ல சிஎம்சி பக்கம் போர்டுல வங்காளி எழுத்து பாத்திருப்பீங்க, அந்த லாட்ஜ்காரங்களுக்கு இது பேப்பர்ல வர்ற நம்பர் இல்ல, பூட்டிக் கெடக்குற ரூம்.

கடல்காத்து:
மாமல்லபுரத்துக்கு ஒரு பேர் இருக்கே, அதச் சொல்லுங்க. 2021-22ல தொல்லியல் துறை டிக்கெட் இடங்கள்லயே வெளிநாட்டுக்காரங்க அதிகமா வந்தது இங்கதான், 1.45 லட்சம். தாஜ்மஹால் 39 ஆயிரம்கூட வரல. தெற்க எப்பவும் யாரும் பேசுறதில்ல.

எல்லைக்கோடு:
@கடல்காத்து நம்பர் சரிதாங்க, எனக்கும் பெருமைதான். ஆனா அந்த நிதியாண்டு கிட்டத்தட்ட முழுக்க வழக்கமான சர்வதேச ஃபிளைட்டே கிடையாது, 2022 மார்ச் 27லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. அப்போ அந்த 600 ரூபா டிக்கெட்ட வாங்கினது யாரு? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்து சென்னையிலயே குடியிருக்க கொரியாக்காரங்களும் ஜப்பான்காரங்களும் ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல கிளம்பி வந்திருப்பாங்கன்னு தோணுது. டிக்கெட் கவுண்டர் பாஸ்போர்ட்டத்தான் பாக்கும். ஊருக்குள்ள ரெண்டு வருஷமா குடியிருக்கவரு டூரிஸ்ட் கணக்குலயே வரமாட்டாரு.

மலைக்கோட்டை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்போ தமிழ்நாட்டுக்கு நிஜமாவே குறையலயா, கணக்குதான் மாறுச்சா? ப்ராஜெக்ட்ல எத வச்சு எழுதட்டும்?

தேக்கடிவழி:
குறைஞ்சது நிஜம்தான். பக்கத்து வீட்டப் பாருங்க, கேரளாவுல 2019ல 11.89 லட்சம், 2023ல 6.49 லட்சம், பாதிக்குக் கொஞ்சம் மேலதான் திரும்பி வந்திருக்கு. நாட்டோட மொத்தம் அந்த நேரம் 87 சதவீதம் திரும்பிடுச்சு. அப்போ தெற்குக்கு லீவுக்கு வர்ற ஐரோப்பாக்காரங்க மெதுவாத்தான் வர்றாங்கன்னு தெரியுது. பிரிட்டிஷ்காரங்களுக்கு இ-விசாவே 2022 டிசம்பர்லதான் திரும்பக் குடுத்தாங்க, கேரளா அவங்கள நம்பித்தான் இருந்துச்சு. ஆனா தமிழ்நாடு ஆறுல ஒரு பங்குக்கு இறங்கினத இது மட்டும் விளக்காது, மீதி எண்ணுற விதத்துல இருக்குன்னு எல்லைக்கோடு சொல்றத நானும் ஒத்துக்கறேன்.

ப்ராஜெக்ட்டுக்கு என் யோசனை, மாநில ரேங்க்க ஒரு பக்கத்துல முடிச்சுட்டு மாவட்டத்துக்குள்ள இறங்குங்க. கேரளா மாவட்டவாரியா வெளியிடுது, எர்ணாகுளம் முதல்ல நிக்கும், மலப்புறம், காசர்கோடு பக்கமெல்லாம் கொஞ்சம்தான். நம்ம பக்கமும் பழைய ஃப்ரெஞ்சு குரூப் ரூட் ஒண்ணுதான், சென்னை, மாமல்லபுரம், பாண்டிச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை, அப்புறம் தேக்கடி ஏறி கேரளா. அதுல பாண்டிச்சேரில தங்குற ராத்திரி தமிழ்நாட்டுக் கணக்குலயே வராது, ஆனா ஆரோவில் பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டம், அங்க தங்கினா வரணும். அந்த ரூட்டுக்கு மேற்க, கிருஷ்ணகிரி, தருமபுரி, நாமக்கல் எல்லாம் பஸ் கண்ணாடி வழியாகூட அவங்க பாக்குறதில்ல, எனக்கு அதுதான் மனசு கேக்கல. உங்க திருச்சியையே எடுங்க, சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு ஃபிளைட் இருக்கு, அதுல வர்ற மலேசிய, சிங்கப்பூர் தமிழ்க் குடும்பங்க புதுக்கோட்டை, காரைக்குடி பக்கம் சொந்தக்காரங்க வீட்டுலயே தங்கிடுவாங்க, ஹோட்டல் ரிஜிஸ்டர்ல பேரே இருக்காது. ஏர்போர்ட் வருகையையும் ஹோட்டல் எண்ணிக்கையையும் மாசவாரியா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் எந்த மாசம் பிரியுதுன்னு தேடுங்க, ஏர்போர்ட் டேட்டா ஏஏஐ (இந்திய விமான நிலைய ஆணையம்) சைட்லயே மாசாமாசம் கிடைக்கும், ஆனா அது பயணிங்க எண்ணிக்கை, நம்மூர் ஆளுங்களும் சேர்ந்தே வரும், அத மட்டும் மறந்துடாதீங்க.